உலகில் நன்னீர் ஏன் போதவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடம் காலியானால் நாம் முதலில் வானத்தைத்தான் பார்க்கிறோம். வானத்தின் மேல் பழி போடுவது எளிது. அது எதிர்த்துப் பேசாது. கீழே உள்ள பதில்களில் மழையைவிட ஒப்பந்தங்களும் வாய்க்கால்களும் மின்மோட்டார்களும்தான் அதிகம் வரும்.

பூமியில் முக்கால் பங்கு தண்ணீர் என்கிறார்கள். பிறகு தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது?

அந்தத் தண்ணீரில் 97.5 சதவீதம் உப்பு நீர். மீதி 2.5 சதவீதம்தான் நன்னீர். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துருவங்களிலும் மலைகளிலும் பனியாக உறைந்து கிடக்கிறது. ஏறக்குறைய 30 சதவீதம் நிலத்துக்கடியில் இருக்கிறது. ஆறும் ஏரியும் சேர்ந்து நன்னீரில் அரை சதவீதம்கூடத் தேறாது.

பள்ளிக்கூடச் சுவர்களில் காலங்காலமாகத் தொங்கும் இந்தக் கணக்கு சரியானதுதான். ஆனால் தட்டுப்பாட்டுக்கு இது காரணம் ஆகாது. நம் கொள்ளுத்தாத்தா காலத்திலும் விகிதம் இதேதான். அந்தச் சிறு பங்கிலிருந்து எவ்வளவு எடுக்கிறோம், எங்கே எடுக்கிறோம், எடுத்ததை எந்த நிலையில் திருப்பி விடுகிறோம் என்பவைதான் மாறியிருக்கின்றன.

ஆவியாகும் நீர் மழையாகத் திரும்பி வருகிறதே, அது எப்படித் தீரும்?

உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தீராது. ஆனால் யாரும் உலகம் முழுவதிலும் குடியிருப்பதில்லை. உஸ்பெகிஸ்தானில் பருத்தி வயலில் ஆவியான நீர் எங்கோ ஒரு கடலின் மேல் மழையாகப் பெய்யலாம். அந்த வயலுக்கு நீர் கொடுத்த ஆற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

காலக்கணக்கும் உண்டு. அமெரிக்காவில் எட்டு மாநிலங்களுக்கடியில் பரந்து கிடக்கும் ஒகல்லாலா நிலத்தடி நீர்ப்படுகையில் உள்ள நீரில் பெரும்பகுதி பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தேங்கியது. கன்சாஸ், டெக்சாஸ் பக்கம் ஓர் ஆண்டு மழையில் அதில் ஊறுவது சொற்பம். மோட்டார்கள் இறைப்பது அதைப் போலப் பல மடங்கு. வட்டியில் சாப்பிடுவது வேறு, முதலில் கைவைப்பது வேறு. அங்கே நடப்பது இரண்டாவது.

இருக்கும் நீர் குடிக்க உதவாமல் போவதும் இன்னொரு வழி. அதற்குப் பங்களாதேஷைப் பற்றிய கேள்வியில் வருவோம்.

'தட்டுப்பாடு' என்பதை எந்த அளவை வைத்துச் சொல்கிறார்கள்?

ஸ்வீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் வகுத்த அளவுகோல்தான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஒரு நாட்டில் ஆண்டுதோறும் புதிதாகக் கிடைக்கும் நன்னீரை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். தலைக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000க்குக் கீழே தட்டுப்பாடு, 500க்குக் கீழே கடும் தட்டுப்பாடு. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்.

ஜோர்டானில் தலைக்கு 100 கன மீட்டர்கூட இல்லை. தலைநகர் அம்மானில் பல பகுதிகளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் குழாயில் நீர் வருகிறது. அன்றைக்கு மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். துணி துவைப்பதும் வீடு கழுவுவதும் அந்த நாளுக்காகக் காத்திருக்கும். பெரிய தொட்டி வைத்திருப்பவர் வாரத்தை ஓட்டிவிடுவார். சிறிய தொட்டிக்காரர் வாரம் முடியும் முன்பே டேங்கர் லாரிக்குப் பணம் எண்ண வேண்டும்.

இந்த அளவுகோலில் ஓட்டையும் உண்டு. ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்பரப்பு நீரில் ஏறக்குறைய பாதி காங்கோ ஜனநாயகக் குடியரசில் இருக்கிறது. ஃபால்கன்மார்க் கணக்கில் அது செழிப்பான நாடு. ஆனால் அங்கே கோடிக்கணக்கானவர்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. ஆறு ஓடுகிறது, குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் இல்லை. பல பத்தாண்டுப் போரும் பொறுப்பற்ற ஆட்சியும் செய்த வேலை அது.

செய்திகளில் வரும் இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர் கிடைக்காதவர்கள் 2022 நிலவரப்படி 220 கோடி பேர். ஆண்டில் ஒரு மாதமாவது கடும் நீர்த் தட்டுப்பாடு நிலவும் பகுதிகளில் வாழ்பவர்கள் 400 கோடி பேர் என்பது 2016ல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீடு. முதலாவது குழாயைப் பற்றியது, இரண்டாவது ஆற்றைப் பற்றியது.

மழை கொட்டும் ஊர்களிலும் தண்ணீர்ப் பஞ்சம் வருகிறதே?

மேகாலயாவில் உள்ள சிரபுஞ்சியில் ஆண்டுக்குச் சுமார் 11,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குளிர்காலத்தில் அங்கே பெண்கள் ஊற்றுகளைத் தேடிக் குடத்துடன் நடக்கிறார்கள். பெய்வதில் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. காடு அழிந்த சரிவில் நீர் நிற்பதில்லை. சுண்ணாம்புப் பாறை நிலமோ நீரைப் பிடித்து வைப்பதில்லை.

சென்னைக்கு ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். லண்டனுக்குச் சுமார் 600தான். ஆனால் லண்டனில் அது ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கும்; நமக்கு வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களில் பெரும்பகுதி வந்துவிடும். அதைப் பிடித்து வைக்கப் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்து சுமார் 11 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கொள்ளும். ஊரைச் சுற்றியிருந்த சிற்றேரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியும் கட்டடங்களாகிவிட்டன. 2015 டிசம்பரில் மூழ்கிய அதே நகரத்துக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. வந்தது காவிரி நீர். வெள்ளமும் பஞ்சமும் இரண்டு பிரச்சினைகள் என்று நினைப்பவர்கள் அந்த நான்கு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கலாம்.

மெக்சிகோ நகரத்தின் கதையும் இதுதான். ஏரிக்குள் கட்டப்பட்ட, அஸ்டெக் பூர்வகுடிகளின் நகரம் அது. ஸ்பானியர்கள் ஏரியை வடித்தார்கள். இன்று அந்த நகரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீரை மேலேற்றி வெளியிலிருந்து கொண்டுவருகிறது, குழாய்க் கசிவில் சுமார் 40 சதவீதத்தை இழக்கிறது, மழைக்காலத்தில் வெள்ளத்திலும் தவிக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் சில இடங்களில் தரை ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது.

உலகில் நன்னீரை அதிகம் எடுப்பது யார்?

விவசாயம். ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. தொழிற்சாலைகளுக்கும் மின் உற்பத்திக்கும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வீடுகளுக்கும் நகராட்சிகளுக்கும் மீதி.

விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் விளைவிப்பதை உண்பவரும் உடுப்பவரும் நாம்தான். ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர், ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 2,500 லிட்டர், ஒரு கிலோ மாட்டிறைச்சிக்குச் சுமார் 15,000 லிட்டர், மழைநீரையும் சேர்த்து உலகச் சராசரியில் செலவாகின்றன. இதை மறைநீர் என்கிறோம். இந்தக் கருத்தை முன்வைத்த பிரிட்டிஷ் அறிஞர் டோனி ஆலனுக்கு 2008ல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது.

பாலைவன நாடான சவுதி அரேபியா 1990களின் தொடக்கத்தில் உலகின் முன்னணிக் கோதுமை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இருந்தது. எண்ணெய்ப் பணத்தில் மானியம், அடியில் பழங்கால நீர். படுகை வற்றத் தொடங்கியதும் 2008ல் கொள்கையை மாற்றி, 2016க்குள் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை நிறுத்தினார்கள். இடையில் 2014ல் அந்நாட்டுப் பால்பண்ணை நிறுவனம் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கி, குதிரைமசால் பயிரிட்டு, உலர்த்திக் கட்டிய தீவனத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. அந்த வட்டாரத்தில் நிலத்தடி நீரை எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கு அப்போது வரம்பே இருக்கவில்லை. தன் ஊரில் தீர்ந்த நீரைப் புல்லின் வடிவில் இறக்குமதி செய்துகொண்டது ஒரு பாலைவனம். விற்றது இன்னொரு பாலைவனம்.

அரல் கடல் எப்படி வற்றியது? அது வறட்சியாலா?

வறட்சிக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. 1960 வாக்கில் அது உலகின் நான்காவது பெரிய ஏரி. பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடப் பெரியது. அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகள் அதை நிரப்பிவந்தன. சோவியத் அரசு மத்திய ஆசியாவைப் பருத்தி வயலாக்க முடிவு செய்தது. காரகும் கால்வாய் 1954ல் தொடங்கி 1,300 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தின் குறுக்கே வெட்டப்பட்டது. அடியில் பூச்சு இல்லாத மண் வாய்க்கால்கள். திறந்துவிட்டதில் கணிசமான பங்கை மணல் குடித்தது, மிச்சத்தில் ஒரு பங்கை வெயில் குடித்தது.

மொய்னாக் என்ற ஊர் அமு தாரியாவின் கடைமடையில் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகமும் மீனை டப்பாவில் அடைக்கும் பெரிய ஆலையும் அங்கே இருந்தன. கரை பின்வாங்கப் பின்வாங்க, படகுகள் வந்துபோவதற்காகக் கடலைத் துரத்திக்கொண்டு கால்வாய் வெட்டினார்கள். கடல் அதைவிட வேகமாகப் போனது. உள்ளூர் மீன் அற்றுப்போன பிறகும் ஆலையை மூட மனமில்லாமல் தொலைதூரக் கடல்களிலிருந்து உறைந்த மீனை வரவழைத்து டப்பாவில் அடைத்தார்கள். திட்டக் கணக்கு எப்படியும் நிறைவேறியாக வேண்டுமே. கடலின் அடித்தரை வெளிப்பட்டதும் உப்பும் வயல்களிலிருந்து வடிந்து சேர்ந்த பூச்சிமருந்தும் புழுதியாகக் கிளம்பி ஊர்களின் மேல் படிந்தன. துருப்பிடித்த படகுகள் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிப்பொருள்.

கடல் சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது. மீனைவிடப் பருத்தி லாபம் என்று கணக்குப் போட்டார்கள். 2014ல் தெற்கு அரலின் கிழக்குப் பகுதி முழுவதுமாக வற்றியது. வடக்கில் கஜகஸ்தான் உலக வங்கிக் கடனுடன் 2005ல் கோக்-அரல் அணையைக் கட்டி, சிர் தாரியாவின் நீர் தெற்கே ஓடி வீணாகாமல் தடுத்தது. வடக்கு அரலில் நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது. தெற்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. அமு தாரியாவின் நீர் இன்னும் பருத்திக்குத்தான் போகிறது.

பணக்கார நாடான அமெரிக்காவிலுமா தட்டுப்பாடு?

கொலராடோ ஆற்றைப் பாருங்கள். 1922ல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து ஆற்றைப் பங்கிட்டுக்கொண்டன. மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் சரிபாதி. 1944 ஒப்பந்தத்தில் மெக்சிகோவுக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். நமக்குப் பழகிய அளவில் சொன்னால், மொத்தம் ஏறக்குறைய 720 டிஎம்சி எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. 2000க்குப் பிறகு ஆற்றில் சராசரியாக வருவது சுமார் 540 டிஎம்சி.

பங்கீட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொண்ட ஆண்டுகள் வழக்கத்தைவிட மழை அதிகம் பெய்த ஆண்டுகள். ஆற்றில் அவ்வளவு வராது என்று சொன்ன நீரியல் கணக்கு அந்தக் காலத்திலேயே இருந்தது. குறைந்த எண்ணை வைத்தால் ஏழு மாநிலங்களும் கையெழுத்திட்டிருக்காது. அதனால் பெரிய எண் வென்றது. ஆற்றங்கரையில் பரம்பரையாக வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் பேச்சுவார்த்தைக்கு அழைக்கவில்லை.

அங்குள்ள சட்டமும் விசித்திரமானது. முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. நீண்டகாலம் பயன்படுத்தாமல் விட்டால் உரிமை பறிபோகலாம். சிக்கனமாக இருப்பவருக்குத் தண்டனை என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குப் பாசன மாவட்டம் ஒன்றுக்கு மட்டும் சுமார் 135 டிஎம்சி. லாஸ் வேகாஸ் நகரம் உள்ள நெவாடா மாநிலம் முழுமைக்கும் 13. ஆற்றிலிருந்து மனிதர் பயன்படுத்தும் நீரில் ஏறக்குறைய பாதி குதிரைமசால் போன்ற மாட்டுத்தீவனத்துக்குப் போகிறது.

2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதல்முறையாக அந்த ஆற்றில் பற்றாக்குறை அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு மீட் நீர்த்தேக்கம் இறங்கியபோது, பல பத்தாண்டுகளுக்கு முன் கொலையுண்ட ஒருவரின் எலும்புகள் இரும்புப் பீப்பாயில் வெளிப்பட்டன. ஆற்றின் கடைமடையான மெக்சிகோ டெல்டாவுக்கு நீர் எட்டுவதே அபூர்வம்.

இந்தியாவின் நிலத்தடி நீர் ஏன் இவ்வளவு வேகமாகக் குறைகிறது?

உலகில் இறைக்கப்படும் நிலத்தடி நீரில் நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் இறைக்கப்படுகிறது. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட அதிகம். 2002ல் ஏவப்பட்ட கிரேஸ் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பு விசையில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை வைத்து நிலத்தடி நீரை எடைபோட்டன. வடமேற்கு இந்தியாவில் 2002க்கும் 2008க்கும் இடையில் 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்திருப்பது அதில் தெரிந்தது.

பஞ்சாபில் நெல் பரம்பரைப் பெரும்பயிர் அன்று. பசுமைப் புரட்சிக்குப் பிறகு அரசு உறுதியான விலைக்கு நெல்லையும் கோதுமையையும் வாங்கியது. 1997ல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமானது. நெல்லுக்கு விலை நிச்சயம், இறைக்கச் செலவில்லை என்றால் எந்த விவசாயி வேறு பயிருக்குப் போவார்? நீர்மட்டம் இறங்க இறங்கக் குழாய்க் கிணறு ஆழமாகியது, மோட்டார் பெரிதாகியது. சிறு விவசாயி அந்தப் போட்டியில் கடன்பட்டார். தமிழ்நாட்டு விவசாயிக்கும் இலவச மின்சாரம் உண்டு. கொங்குப் பகுதியில் ஆயிரம் அடிக்கு போர் போட்டுப் புகை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

2009ல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் போட்டது. கொளுத்தும் மே மாதத்தில் நாற்று நடக்கூடாது, ஜூனில்தான் நட வேண்டும் என்றது. ஆவியாதல் குறையும், நீர் மிச்சமாகும் என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமை விதைக்க இடையில் கிடைக்கும் நாட்கள் குறைந்ததால் வயலைச் சீக்கிரம் காலி செய்ய வைக்கோல்தாளைக் கொளுத்துவது கூடியது. அதுவும் காற்று அசையாத நவம்பரில். டெல்லியைச் சூழும் புகையில் ஒரு பங்கு பஞ்சாபின் வற்றிய கிணறுகளிலிருந்து வருகிறது என்று சொன்னால் அது மிகை இல்லை. கொள்முதலையும் மின்சாரத்தையும் தொடாமல் தேதியை மட்டும் மாற்றினால் வேறென்ன நடக்கும்?

மக்கள்தொகைப் பெருக்கம்தானே மூலகாரணம்?

பாதி உண்மை. 20ஆம் நூற்றாண்டில் உலக மக்கள்தொகை ஏறக்குறைய நான்கு மடங்கானது. நீர்ப் பயன்பாடோ சுமார் ஆறு மடங்கானது. தலைக்கு எடுக்கும் அளவும் கூடியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். அரலை வற்றவைத்தது மக்கள்தொகை அன்று, பருத்தி இலக்கு.

பருவநிலை மாற்றத்தின் பங்கு என்ன?

ஏற்கெனவே கழுத்தளவு கடன்பட்ட ஊர்களை அது தள்ளிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 2015 முதல் 2017 வரை நீடித்த வறட்சி போன்ற ஒன்று வருவதற்கான வாய்ப்பைப் புவி வெப்பமாதல் சுமார் மூன்று மடங்காக்கியிருக்கிறது என்று 2018ல் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

மலைப்பனியின் விஷயம் இன்னும் தந்திரமானது. பனியாறு உருகும்போது முதலில் ஆற்றில் நீர் கூடும்; ஊர் அதை நம்பி வளரும். உச்சத்தைத் தொட்ட பிறகு ஆண்டுக்காண்டு குறையும். பொலிவியாவில் சக்கால்டாயா பனியாறு 2009ல் அடியோடு மறைந்தது. ஒரு காலத்தில் உலகின் மிக உயரமான பனிச்சறுக்கு மையம் அங்கே இருந்தது. 2016 நவம்பரில் லா பாஸ் நகரின் ஏறத்தாழ நூறு குடியிருப்புப் பகுதிகளில் குழாய் வறண்டு, நாடு நெருக்கடி நிலையை அறிவித்தது. அதில் மழையின்மைக்கும் நிர்வாகக் குளறுபடிக்கும் பங்கு உண்டு. பனி கைகொடுக்கும் காலம் போய்விட்டது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கேப்டவுனில் 'பூஜ்ய நாள்' எப்படித் தவிர்க்கப்பட்டது?

குழாய்களை அடைத்துவிட்டு, ஊர் முழுவதும் சுமார் 200 இடங்களில் தலைக்கு 25 லிட்டர் வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கும் நாளுக்குத்தான் அந்தப் பெயர். 2018 ஏப்ரலில் அது வரும் என்று கணித்திருந்தார்கள். பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற வரம்பு வந்தது. இரண்டு நிமிடத்தில் முடியும் குளியல் பாட்டுகளைப் பாடகர்கள் பதிவு செய்து வெளியிட்டார்கள். குளித்த நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறையில் ஊற்றினார்கள். நாளொன்றுக்கு 120 கோடி லிட்டர் வரை போன நகரத்தின் செலவு சுமார் 50 கோடி லிட்டராக இறங்கியது.

அந்த பிப்ரவரியிலேயே மலையடிவாரப் பழத்தோட்ட விவசாயிகள் தங்கள் அணைகளில் சேமித்த 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். ஜூனில் மழை வந்தது. இதில் அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு: நகரின் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்களுக்குப் பொதுக்குழாயும் வாளியும் வறட்சிக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன. நகரத்தின் மொத்த நீரில் அவர்கள் எடுத்தது 5 சதவீதத்துக்கும் குறைவு.

தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத நிலை எப்படி வருகிறது?

பங்களாதேஷில் குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்துகொண்டிருந்தார்கள். 1970கள் முதல் அரசும் யுனிசெஃபும் மற்ற அமைப்புகளும் லட்சக்கணக்கில் அடிபம்புகளைப் போட்டன. நோய்க் கிருமிக்கு அது நல்ல தீர்வு. நிலத்தடியில் இயற்கையாகவே ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கக்கூடும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1993ல் உண்மை தெரியவந்தபோது கோடிக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் குடித்திருந்தார்கள். வரலாற்றில் ஒரு மக்கள்கூட்டத்துக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சேற்றம் என்று 2000ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை அதைக் குறிப்பிட்டது.

பிறகு ஊர் ஊராகச் சோதித்து, ஆர்சனிக் மிகுந்த பம்புகளின் வாயில் சிவப்பும் பாதுகாப்பானவற்றில் பச்சையும் பூசினார்கள். வீட்டு வாசலில் சிவப்பு, அரை மைல் தள்ளி அடுத்தவர் வீட்டில் பச்சை என்றால், குடத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் போய் நிற்பது அந்த வீட்டுப் பெண்தான். பெயிண்ட் மங்கிய பின் பலர் வாசலுக்கே திரும்பினார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கினால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

குடிக்க உதவும். வளைகுடா நாடுகள் அதில்தான் வாழ்கின்றன. சென்னைக்கும் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலைகள் உள்ளன. பாசனத்துக்கு ஆகாது. 1,000 லிட்டரை உப்பு நீக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கான 2,500 லிட்டரையும் கடலிலிருந்து எடுத்தால் 8, 9 யூனிட் ஆகும். அந்த அரிசியை யார் வாங்குவது?

கழிவும் இருக்கிறது. உலகில் நாளொன்றுக்கு 9.5 கோடி கன மீட்டர் நன்னீர் எடுக்கும் இந்த ஆலைகள் 14.2 கோடி கன மீட்டர் அடர் உப்புநீரை வெளியே விடுகின்றன என்று 2019ல் ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. இதைவிட மலிவான வழி, பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது. நமீபியாவின் விண்ட்ஹுக் நகரம் 1968 முதல் சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குடிநீரில் கலந்து வருகிறது. இஸ்ரேல் கழிவுநீரில் சுமார் 90 சதவீதத்தைப் பாசனத்துக்குத் திருப்புகிறது. அருவருப்பு என்பவர்கள் மேல் ஊர்களின் சாக்கடை கலக்காமல் எந்த ஆறு தங்களிடம் வருகிறது என்று ஒருமுறை யோசிக்கலாம்.

தண்ணீருக்காக உலகப் போர் வருமா?

இதுவரை நாடுகள் தண்ணீருக்காகப் போரிட்டதைவிட ஒப்பந்தம் போட்டதே அதிகம். ஒப்பந்தம் நியாயமானது என்று அர்த்தமில்லை. நைல் நீரை எகிப்தும் சூடானும் 1959ல் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன; அந்த நீரில் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியாவை அழைக்கவே இல்லை. எத்தியோப்பியா 2011ல் தன் அணையைத் தொடங்கி 2025 செப்டம்பரில் திறந்துவிட்டது. இப்போது கடைமடையில் இருப்பது எகிப்து.

கணினித் தரவு மையங்களும் சிப் ஆலைகளும் தண்ணீரைத் தீர்க்கின்றனவா?

உலகக் கணக்கில் சிறு பங்கு, உள்ளூர்க் கணக்கில் பெரும் பங்கு. 2021ல் தைவான் அரை நூற்றாண்டில் காணாத வறட்சியைச் சந்தித்தபோது, அரசு பல்லாயிரம் ஹெக்டேர் நெல் வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தி இழப்பீடு கொடுத்தது. சிப் ஆலைகள் ஓடின. யாருக்கு முதலில் மதகை அடைப்பது என்ற கேள்விக்கு எந்த அரசும் சொல்லும் பதில் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

நான் பல் துலக்கும்போது குழாயை மூடினால் பயன் உண்டா?

உங்கள் ஊர் கேப்டவுன் நிலையில் இருந்தால் நிச்சயம் உண்டு. மற்ற நேரத்தில், உங்கள் தெருவில் உடைந்து ஒழுகும் பிரதான குழாயைப் பற்றி விடாமல் புகார் கொடுப்பது அதைவிடப் பயன் தரும்.

இழந்த நிலத்தடி நீரை மீட்க முடியுமா?

இடத்தைப் பொறுத்தது. ஒகல்லாலாவின் வறண்ட தெற்குப் பகுதிகள் மனித ஆயுளில் மீளாது. மழை உள்ள இடங்களில் இறைப்பதை நிறுத்தினால் மீளும். தமிழ்நாட்டில் 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது சென்னையில் கிணறுகள் ஏறின. பிறகு குழிகள் தூர்ந்தன, யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

டோக்கியோ கண்டிப்பாக இருந்தது. ஆலைகளும் கட்டடங்களும் உறிஞ்சியதில் அந்நகரின் கிழக்குப் பகுதியில் சில இடங்கள் 4 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தன. 1960கள் முதல் கட்டுப்பாடு இறுகியது. ஆலைகளுக்கு வேறு நீர் கொடுத்தார்கள். இறங்கிய தரை திரும்ப ஏறவில்லை, இன்றும் கடல்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. நீர்மட்டம் மட்டும் ஏறியது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே ஏறியதால், வறண்ட மண்ணில் கட்டப்பட்ட டோக்கியோ, உவேனோ ரயில் நிலையங்களின் சுரங்கத் தளங்கள் நீரின் அழுத்தத்தில் மேலே மிதக்கும் அபாயம் வந்தது. பொறியாளர்கள் நங்கூரக் கம்பிகளை அடியில் இறக்கி நிலையங்களைப் பூமியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள்.